ஃபில்மோரின் இடது மூலை

மதிப்பிற்குரிய மைத்துனர் கிளாரன்ஸ் அவர்களுக்கு,

பென்சில்வேனியாவிலிருந்து ஓர்வில் ஸ்டாம்பா வணக்கத்துடன் எழுதுவது. நான், உங்கள் தங்கை லொரைன், போன வருடம் நீங்கள் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது எங்களிடம் விட்டுப்போன பீகிள் நாய் பட்டன் ஆகிய மூவரும் நலம். ஆனால் மூன்றாமவருக்கு இப்போது ஒரு பல் குறைவு. அதற்கான விளக்கமே இக்கடிதம்.

நாம் சிறுவர்களாக இருந்தபோது கேரமல் மிட்டாயோடு வந்த, அமெரிக்க ஜனாதிபதிகள் படம் போட்ட கார்டுகளை நான் சேர்ப்பது தாங்கள் அறிந்ததே. வாஷிங்டனிலிருந்து ஹூவர் வரை எல்லாரும் என்னிடம் வந்துவிட்டார்கள், பதின்மூன்றாவது ஆளான மில்லர்ட் ஃபில்மோரைத் தவிர. இருபத்திரண்டு வருடமாக அவரைத் தேடுகிறேன். இந்த மார்ச்சில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கார்டு கண்காட்சி நடந்தது. அங்கே யூனிஸ் கேபிள் என்ற அம்மாளின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மற்றவர்கள் கார்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் தூசி படாமல் வைத்திருக்க, இந்த அம்மாள் மேசையில் இருந்ததெல்லாம் கடித்தது, நக்கியது, சத்தம் வர சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிக் கிழிந்தது. யாரோ ஒரு குழந்தை லிங்கனுக்கு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது.

"இதெல்லாம் குப்பை இல்லையா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"உன்னோடதுதான் குப்பை. யாரும் தொடலைன்னா, யாருக்கும் பிடிக்கலைன்னு அர்த்தம். இதைப் பாரு, கடிச்சது ஆறு வயசுப் பிள்ளை. முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு, நடுவுல சந்து தெரியுதா?"

அந்த அம்மாள் நாற்பது வருடம் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவராம். கார்டு கார்டாக எடுத்து, இது இடது கைப் பிள்ளை, இது பங்கு கேட்ட தம்பியிடமிருந்து பிடுங்கினது என்று சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், குடிக்க வாங்கின சூப் கையிலேயே ஆறிப்போச்சு. அப்புறம்தான் பார்க்கிறேன், அடியில் ஃபில்மோர். பென்சிலில் முறுக்கு மீசை. மற்றபடி நாலு மூலையும் பழுதில்லை.

"அதுல மீசை மட்டும்தான். ஒரு பயலும் கடிக்கலை. ஒரு வாரம் கொண்டுபோய் வச்சுக்க. அந்த மனுஷனைப் பத்தி நல்லதா ஒண்ணு கண்டுபிடிச்சு வந்து சொல்லு, உனக்கே தந்துடறேன்" என்றார்.

மூன்று நாள் நூலகத்தில் கிடந்தேன், மைத்துனரே. கடைசியில் கிடைத்தது: ஆக்ஸ்போர்டில் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது, தன்னால் வாசிக்க முடியாத லத்தீனில் எழுதிய பட்டம் தனக்கு வேண்டாம் என்றாராம். அந்தச் சந்தோஷத்தில், மீசையை மட்டும் அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். உங்கள் தங்கை விடவில்லை.

"அம்பத்தஞ்சு வருஷமா மீசையோட இருந்த ஆளுக்கு இப்பப் போய்ச் சவரம் பண்ணப்போறியா?"

"மீசை அவருது இல்லடி."

"உன்னுதும் இல்லையே."

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே பட்டன் நாற்காலியில் ஏறி மேசைமேல் இருந்த கார்டைக் கவ்விவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஃபில்மோரின் இடது மூலையைக் காணோம். கார்டையும் குற்றவாளியையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்கே போய் நின்றேன்.

அவர் திட்டவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கடித்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "உன் நாய் கெட்டி பிஸ்கட் தின்னுதா?"

"இல்லைங்க, ஒரு மாசமா தொடுறதே இல்ல. என் மைத்துனரை நினைச்சு ஏங்குதுன்னு நினைச்சோம்."

"உன் மைத்துனரும் இல்ல, மண்ணும் இல்ல. ஒரு பக்கமாவே கடிச்சிருக்கு பாரு. மறுபக்கம் கீழ்ப்பல்லு சொத்தை. இன்னிக்கே கொண்டுபோ."

கால்நடை டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். அந்த அம்மாள் சொன்ன அதே பல். வேரில் சீழ், இன்னும் சில நாள் விட்டிருந்தால் தாடையே போயிருக்கும் என்றார். அன்றே அதைப் பிடுங்கிவிட்டார். பட்டன் இப்போது பிஸ்கட்டை நொறுக்கித் தின்கிறது.

நன்றி சொல்லப் போனபோது ஆக்ஸ்போர்டு கதையையும் சொன்னேன். "நல்ல மனுஷன்தான்" என்றார். "ஆனா கார்டு உனக்குக் கிடையாது. இப்பத்தானே இது கார்டாச்சு." பின்பக்கம் 'பட்டன், பீகிள், ஐந்து வயது' என்று எழுதி லிங்கனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அட்டைத் துண்டில் ஒரு நாயின் வலியைப் படித்த மனுஷிக்கு முன்னால் நான் என்ன சேகரிப்பாளன்? ஆகவே, இந்த வேலையை இன்றோடு விடுகிறேன். எல்லா ஜனாதிபதிகளும் பார்சலில் வருகிறார்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் கடிக்கட்டும், மீசை வரையட்டும்.

தங்கள் முழங்கால் குணமாகவும், தங்கள் துணைவியாரின் எலுமிச்சை மரம் காய்க்கவும் வேண்டும்

தங்கள் அன்புள்ள
ஓர்வில்

பி.கு.: பார்சலை எதிர்பார்க்க வேண்டாம். ரெடிங் ஊரிலிருந்து ஒருவர் இப்போதுதான் போன் செய்தார். அவரிடம் ஒரு ஃபில்மோர் இருக்கிறாராம், மீசை கிடையாது, நாலு மூலையும் கூர்மையாம். பெட்டியைப் பிரித்துவிட்டேன். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் கேரமல் அனுப்புகிறேன். லொரைன் கார் சாவியோடு வாசலில் நிற்கிறாள். பட்டனை வீட்டிலேயே விட்டுப் போகிறோம்.