பேனல் உச்சியில் ஐந்து பச்சைப் பொட்டலங்கள்

ஷென்காங், தைச்சுங்
திங்கட்கிழமை

தைனானில் சகல சௌக்கியங்களோடும் இருக்கிற மச்சான் கோ செங்-ஃபூ அவர்களுக்கு, உங்கள் தங்கை ஷியூ-யூனின் கணவன் லாய் பணிவோடு எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் நலம். நீங்கள் முன்னின்று வாங்கிக் கொடுத்த பழைய லேத் மட்டும் நலமாக இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதை உங்கள் தங்கை கிழித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். புத்தாண்டுக்கு முன் பட்டறையைக் கழுவியபோது, நீங்கள் லேத்தோடு அனுப்பிய பச்சைத் தின்பண்டப் பொட்டலம் மின் பேனலின் பக்கவாட்டில் தொங்குவது மரியாதையில்லை என்று, நானே எடுத்துப் பேனலின் உச்சியில் வைத்தேன். 'சமர்த்து' என்று பெயர் போட்ட பொட்டலமாயிற்றே, மெஷின் சொன்னபடி கேட்கத்தானே நம் ஊரில் எல்லோரும் அதை வைக்கிறோம். ஆனால் மறுவாரமே, மோட்டாரை ஓட்டும் டிரைவ், சூடு தாங்கவில்லை என்று அலாரம் காட்டி மூன்று மணி நேரத்தில் நின்றது. பொட்டலம் காலாவதியாகியிருக்குமோ என்று பார்த்தேன். ஒன்பது நாள்தான் பாக்கி. மச்சான், தேதி பார்த்து வாங்கக் கூடாதா? புதிதாக மூன்று வாங்கி வைத்தேன், மொத்தம் நான்கு ஆகிவிட்டதே, ஆகாத எண்ணாயிற்றே என்று ஓடிப்போய் இன்னொன்று வாங்கி ஐந்தாக்கினேன். அதற்கு நன்றியாக நாற்பதே நிமிடத்தில் நிற்கத் தொடங்கியது.

மின்சாரத்தை அளந்தேன், மூன்று ஃபேஸும் சரி. மோட்டார் கேபிளைக் கழற்றிச் சோதித்தேன், கசிவு இல்லை. பேனலுக்குள் இருக்கும் மேல் தட்டு டிரைவையும் கீழ்த்தட்டு டிரைவையும் இடம் மாற்றினேன். பழுது டிரைவில் இருந்தால் அதோடு கூடவே போக வேண்டும், இல்லையா? போகவில்லை. மேல் தட்டில் எதை வைத்தாலும் அதுதான் நிற்கிறது. ஆக, பழுது அந்த இடத்தில் இருக்கிறது. நிலத்தெய்வத்துக்கு மாதம் இரண்டு முறை தவறாமல் மேசை போட்டுப் படைக்கிறவன் நான், எனக்கா இப்படி? ரிப்பேர்காரர் வந்து பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார், லேத் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "மெஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் கொஞ்சம் தூங்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார், நின்றுவிட்டது.

வியாழக்கிழமை சைக்கிள் உதிரிபாக முதலாளி பாங் நேரில் வருகிறார். காலை முழுவதும் லேத் நிற்காமல் ஓடினால்தான் ஆர்டர். நின்றால் ஆர்டர் எதிர்ப் பட்டறைக்கு, இருபது வருடமாக என்னோடு இருக்கும் மூன்று பேரும் வீட்டுக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். இந்த லேத்தை என் தலையில் கட்டியவர் நீங்கள்தான், ஆகவே தயவுசெய்து புதன்கிழமை முதல் ரயிலைப் பிடித்து வாருங்கள்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குளத்துப் பால்கெண்டைகள் கொழுத்துப் பெருகட்டும்.

பணிவுடன்,
லாய்

பி.கு.: இன்று வியாழன். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நீங்கள் வர வேண்டாம். நேற்று தூசி துடைக்க ஸ்டூலில் ஏறிய உங்கள் தங்கை, பொட்டலத்தைத் தொட்டதும் கையை உதறினாள். "என்னங்க இது, அடுப்புல இருந்து இறக்குன மாதிரி சுடுது?" பேனலின் சூட்டை வெளியே தள்ளும் ஃபேன் உச்சியில்தான் இருக்கிறது, ஐந்தும் அதை அடைத்துக்கொண்டு படுத்திருந்தன. "மூச்சு விடுற வாயைப் பொத்திட்டு எங்க அண்ணனையா திட்டுறீங்க?" என்றாள். மேலே எழுதியதற்கெல்லாம் மன்னியுங்கள். ஐந்தையும் எடுத்துவிட்டோம். இன்று பாங் முன்னால் காலை முழுவதும் நிற்காமல் ஓடியது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், பேனல் உச்சியைப் பார்த்தார்.

"பொட்டலம் எங்க?"

"எடுத்துட்டோங்க. அதாலதான் கோளாறே."

"இவ்வளவு நேரம் ஓடுனது உங்க அதிர்ஷ்டம், லாய். அது இல்லாத மெஷினை நம்பி நான் எப்படி வேலை தர்றது?" என்றவர், காரிலிருந்து தலையணை அளவில் ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே சரியாக ஃபேன் மேல் வைத்தார். "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்."

அது நடந்து முப்பத்தோரு நிமிடம் ஆகிறது. அவர் தேநீர் குடிக்கிறார். கணக்கு எழுதுவதுபோல் நான் இதை எழுதுகிறேன். உங்கள் தங்கை, "தோட்டத்தைப் பார்த்து உட்காருங்க" என்று அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புகிறாள். எங்களுக்குத் தோட்டம் கிடையாது. நான் ஸ்டூலை எடுக்கப் போகிறேன்.