பதினோரு மணி நேர ரசிகர்

கருத்துச் சொல்ல ஆளில்லாத சமூகம் அழிந்துவிடும். உத்தமபாளையம் இன்னும் அழியாமல் இருப்பதற்குத் தாம்தான் காரணம் என்று சுயம்புலிங்கம் மனதார நம்பினார். கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளே 'சுயம்புவின் தீர்ப்பு' என்று யூடியூப் சேனல் தொடங்கியவர், பார்க்காத படம், ஆடாத வீடியோ கேம், வாங்காத போன் என எதையும் விட்டுவைக்காமல் தீர்ப்பு வழங்கிவந்தார். பதிவு நடக்கும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. குக்கர் விசில் விடக்கூடாது.

ஒன்றரை வருஷம் பொறுத்த மனைவி ஹேமாவதி, ஒருநாள் மிக்ஸி ஜாரும் கையுமாக வந்து நின்றாள்.

"இதெல்லாம் யாரு பாக்குறாக?"

"உலகமே பாக்குது."

"உலகம் வேணாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள உசுரோட ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. இல்லன்னா சேனல மூடுங்க. ஒரு சட்னி அரைக்க ஒங்க தீர்ப்பு முடியிற வரைக்கும் காத்துக் கெடக்க முடியாது."

அவர் சேனலின் புள்ளிவிவரத்தைத் திறந்தார். பார்வையாளர்: ஒருவர். ஆனால் அந்த ஒருவர் தினமும் காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து வரை பார்த்திருந்தார். பதினோரு மணி நேரம்! சுயம்புலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படிப்பட்ட ரசிகரிடம் போய்க் கத்தலாமா? மறுநாள் குரலைத் தாழ்த்தி, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, 'செல்போனும் மனிதனும்' என்ற தலைப்பில் தென்றலாகப் பேசினார்.

மாலையில் சேனலின் முதல் கமெண்ட் வந்தது.

"புல்லாங்குழல் வேணாம் சார். இன்னைக்குப் பெரிய நஷ்டம். ராஜபாண்டி, சுருளிப்பட்டி."

சிந்தனைக்கு நேர்ந்த நஷ்டம் என்று உணர்ந்து, குழலை நீக்கினார். அடுத்த நாள், "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது" என்று நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"நடுவுல கேப் விடாதீக சார். அந்தக் கேப்புலதேன் எல்லாம் போகுது."

மூன்றாம் நாள் மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் வீடியோ கேமைச் சபித்தார். உச்சத்தில் "இளைஞனே, எழு!" என்று அவர் கர்ஜித்தபோது, சமையலறையில் குக்கர் மூன்று விசில் விட்டது.

"அருமை சார்! அந்த விசில் பிரமாதம். அடிக்கடி விடச் சொல்லுங்க."

அந்தக் கமெண்டை மட்டும் அவர் ஹேமாவதிக்குக் காட்டவில்லை. ராஜபாண்டியிடம் வழி கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிச் சுருளிப்பட்டிக்குப் புறப்பட்டார்.

வாய்க்கால் திருப்பத்திலேயே குரல் கேட்டது. "இளைஞனே, எழு!" திராட்சைப் பந்தலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர்கள். தோட்டத் தொழிலாளிவரை தம் கருத்து போய்ச் சேர்ந்துவிட்டதே என்று சுயம்புலிங்கத்துக்குக் கண் கலங்கியது. பந்தலுக்கடியில் தொழிலாளி எவரும் இல்லாததை அவர் கவனிக்கவில்லை.

"நெசமாத்தேன் கேக்குறாகளோ?" என்று ஹேமாவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ராஜபாண்டி ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! நீங்க இல்லன்னா இந்த வருசம் எங்க குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்!"

சுயம்புலிங்கம் மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினார். "கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன். இனிமே அம்மியிலயே அரைச்சுக்கிறேன், போதுமா?"

வெற்றி அத்தோடு போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க தம்பி. என்னோட எந்தக் கருத்து ஒங்கள இப்பிடி மாத்துச்சு?"

ராஜபாண்டி தலையைச் சொறிந்தபடி தன் மனைவி மாரீஸ்வரியைப் பார்த்தார். தட்டு நிறையத் திராட்சையோடு வந்த அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"கருத்தெல்லாம் நாங்க கேட்டதில்ல சார். நீங்க கத்துனா மைனா, கிளி ஒண்ணும் பந்தல் பக்கம் அண்டுறதில்ல. நேத்து ராத்திரியும் போட்டுப் பாத்தோம், வவ்வாலுக்குத்தேன் ஒங்க பேச்சு உறைக்க மாட்டேங்குது."