ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவனும், நகராட்சி அனுமதிப் பிரிவின் முன்னாள் மேற்பார்வையாளனும், கர்த்தருக்குச் சித்தமானால் வெகு சீக்கிரத்தில் நூலாசிரியனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும், உன் வீட்டம்மாவும், பிள்ளைகளும், உன் அச்சு இயந்திரமும் சுகமாயிருக்க என் ஜெபம். இயந்திரத்தை வரிசையில் கடைசியில் சொன்னேனே தவிர, ஜெபத்தில் அதுதான் முதலில் வருகிறது. ‘பெல்ட் அறுந்துபோச்சு அத்தான்’ என்று நீ போனில் சொன்னதிலிருந்து அதை நினைக்காமல் நான் ஆமென் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தை அச்சில் ஏற்றிவிடு. தடையெல்லாம் நீங்கிவிட்டது. என் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிடாதே, சந்தோஷத்தில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. நேற்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரித்ததற்குக்கூட முன்னுரையைச் சொல்லிவிட்டேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்குப் புரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் வாயைத் திறக்க அனுமதி கொடுப்பதும் கொடுக்காததும்தானே என் பிழைப்பு. ஊர்வலம், ஒலிபெருக்கி, தெருமுனைக் கூட்டம், துண்டுப் பிரசுரம், எதுவானாலும் என் மேசைக்கு வந்துதான் போகவேண்டும். சந்தேகம் வந்தால் ‘பொது அமைதி கருதிப் பரிந்துரைக்கப்படவில்லை’ என்று எழுதிவிடுவேன், அந்த வரி என் பேனாவுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தபோதுதான் ‘முழங்காலும் முதுகெலும்பும்’ பிறந்தது. ஆண்டவருக்கு முன்னால் முழங்கால் போடுகிற கிறிஸ்தவன் வேறு யாருக்கு முன்னாலும் முதுகை வளைக்க வேண்டியதில்லை; அதேபோல இன்னொருவனைப் பிடித்து அழுத்தி முழங்கால் போடவைக்க அவனுக்கு உரிமையும் இல்லை. புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம். ஏதேன் தோட்டத்தில் அந்த மரத்தைச் சுற்றி ஆண்டவர் வேலி போட்டாரா, காவலுக்கு ஆள் வைத்தாரா, மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கேட்டாரா? வேண்டாம் என்று சொன்னார், முடிவை அவர்கள் கையில் விட்டுவிட்டார். படைத்தவருக்கே தேவைப்படாத அனுமதிப் பிரிவு நமக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறேன். கேட்டவன் அதே பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் கேள்விக்குக் கொஞ்சம் கனம் கூடுதல் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட புத்தகத்துக்கே அனுமதி வாங்கு என்று ஒருவர் வந்து நின்றால் ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? வந்தவர் எங்கள் சபைக் குழுச் செயலாளர். ஆண்டறிக்கையோ வாழ்த்து மடலோ, கையில் கிடைத்த எதையும் பாதியாக வெட்டாமல் விடமாட்டார் என்பதால் சபைப் பிள்ளைகள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘அண்ணே, அட்டையில சபை உறுப்பினர்னு போடுறீங்க. அதனால குழு ஒரு தடவை படிச்சுட்டு அனுமதி குடுத்துடும். அதுதானே முறை’ என்றார்.

‘படிச்சுட்டு எப்போ தருவீங்க?’

‘குழு கூடுறப்போ.’

‘குழு எப்போ கூடும்?’

‘அதைக் குழுதான் கூடி முடிவு பண்ணணும்.’

மைத்துனா, இதே பதிலை நான் எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? அதனால் உள்ளே போன காகிதம் என்ன கதி ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேரே போதகரிடம் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெயர்களை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்கிறோமே, என் புத்தகத்துக்கும் அப்படியே கேளுங்கள் என்றேன். பூட்டிய அறையில் நாலு பேர் வெட்டுவது எனக்கு வேண்டாம், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று காரணம் சொல்கிறவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நியாயமான ஆட்சேபணை வந்தால் அதைத் தீர்க்காமல் அச்சிடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். போதகர் சண்டை என்றாலே தலைவலி மாத்திரையைத் தேடுகிறவர். மூன்று வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று தலையாட்டினார்.

முதல் ஞாயிறு ஒரு நிஜக் கல்யாண அறிவிப்பும் கூடவே இருந்தது. போதகர் அதைப் படித்த வேகத்திலேயே, பழக்கதோஷத்தில், ‘இந்த நூலும் மேற்படி அச்சகமும் பரிசுத்த விவாகத்தில் இணைக்கப்படுவதற்கு’ என்று வாசித்துவிட்டார். சபை முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் திரும்பி என்னை முறைத்தார்கள். ஆட்சேபணை யாருக்கும் இல்லை.

இரண்டாம் ஞாயிறு கத்தரிக்கோல் எழுந்தார். ‘கடவுளே இல்லைங்கிறவன் புத்தகம் எழுதினாலும் அச்சடிக்க விடணும்னு ஆறாவது அத்தியாயத்துல எழுதியிருக்கார். இது அடுக்குமா?’ என்றார். இன்னும் வெளிவராத புத்தகம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாயில்லை, வழியில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் நான்தானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். எழுந்து நின்றேன். ‘அவன் வாயை இன்னைக்கு நாம அடைச்சா, நாளைக்கு நம்ம வாயை அடைக்க வர்றவனுக்கு வழி காட்டிக் குடுத்த மாதிரி. ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுற அளவுக்கு நம்ம விசுவாசம் நோஞ்சானா இருந்தா, குத்தம் புத்தகத்து மேல இல்ல’ என்றேன். யாரோ கைதட்டினார்கள். ஆராதனையில் கைதட்டல், அதுவும் எனக்கு. வீட்டுக்கு நடந்து வந்தேனா மிதந்து வந்தேனா என்று உன் அக்காவைத்தான் கேட்கவேண்டும். அவள் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பெருமையில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு. போதகர் வாசித்து முடித்தார். நான் மனதுக்குள் அட்டைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘எனக்கு ஆட்சேபணை இருக்கு’ என்று ஒரு குரல். ரொம்பப் பழகிய குரலாக இருக்கிறதே என்று திரும்பினால், பக்கத்தில் உன் அக்கா எழுந்து நிற்கிறாள். என் கை என்னைக் கேட்காமலே போய் அவள் கையைப் பிடித்து இழுத்தது.

‘கையை விடுங்க’ என்றார் போதகர். ‘எதிர்த்துப் பேசுறவங்களை இழுத்து உட்கார வைக்கிறவன் சுதந்திரத்தைப் பத்தி வாயே திறக்கக்கூடாதுன்னு நாலாவது அத்தியாயத்துல நீங்கதானே எழுதியிருக்கீங்க.’

போதகர் நாலாவது அத்தியாயம் வரைக்கும் படித்திருக்கிறார். அந்த இக்கட்டிலும் எனக்கு அது ஒரு சந்தோஷம்.

உன் அக்கா ஆரம்பித்தாள். ‘எங்க வீட்டுல எல்லார் மனசாட்சிக்கும் சுதந்திரம் உண்டுன்னு முதல் அத்தியாயத்துல எழுதியிருக்காங்க. போன மாசம் மக வாங்கிட்டு வந்த கதைப் புத்தகத்தை, அட்டைப் படம் சரியில்லைன்னு, பீரோ மேல இருக்கிற சூட்கேஸுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. சாவி இப்பவும் இவங்க சட்டைப் பையிலதான் இருக்கு.’

என் கை பைக்குப் போயிருக்கக் கூடாது. போய்விட்டது. சபை முழுக்கப் பார்த்தது.

‘குடும்ப ஜெபத்துக்கு யாரையும் வற்புறுத்தினதில்லைன்னும் எழுதியிருக்காங்க. நிஜம்தான், வற்புறுத்துறதில்ல. ஜெபம் முடியுற வரைக்கும் யாருக்கும் சாப்பாடு கிடையாது, அவ்வளவுதான்.’

நான் புத்தகத்தைத் தடை செய்யவில்லை, அதன் புழக்கத்தைச் சற்றே ஒத்திவைத்தேன் என்று விளக்க எழுந்தேன். என் புத்தகம் முழுவதையும் கணினியில் அடித்துக் கொடுத்த மகள், ஆராதனைப் பாட்டுகளுக்கு வாசிக்கிற இசைக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சம்பாதிக்கிற பெண், தன் காசில் வாங்கிய புத்தகம். அவள் தலையை நிமிர்த்தாமல் ‘ஆமென்’ ராகத்தை மெல்ல வாசித்தாள். சபை அதற்கும் சிரித்தது. அதோடு நான் உட்கார்ந்துவிட்டேன்.

கத்தரிக்கோல் முகத்தைப் பார்க்கவேண்டுமே, லாட்டரி விழுந்தவர் மாதிரி. ‘சரியான ஆட்சேபணை. வீட்டம்மாவே சொல்லிட்டாங்க. அதனால இந்தப் புத்தகம் வரக்கூடாதுன்னு குழு சார்புல தீர்மானம்...’ என்று ஆரம்பித்தார். இரண்டு வருஷ உழைப்பு, மைத்துனா. வாக்குக் கொடுத்தவனும் நானேதான்.

உன் அக்கா இன்னும் உட்காரவில்லை. அவர் பக்கம் திரும்பினாள். ‘புத்தகம் வரக்கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? பொய்யோட வரக்கூடாதுன்னுதான் சொன்னேன். என் புருஷனை எதிர்த்துப் பேச எனக்கு உரிமை இருக்கு. என் பேச்சை வச்சு அவங்க வாயை அடைக்க உங்களுக்கு யார் அனுமதி குடுத்தது?’

கத்தரிக்கோல் உட்கார்ந்தார். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பன்னிரண்டு அத்தியாயத்தில் நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதை இவள் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, சுதந்திரத்தைப் பற்றிப் படிக்க நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கேயே எழுந்து அறிவித்துவிட்டேன். உன் அக்காவின் ஆட்சேபணையே புத்தகத்தின் பதின்மூன்றாவது அத்தியாயம். அவள் எழுதியது எழுதியபடி வரும், ஒரு எழுத்தை வெட்டமாட்டேன், அச்சாகி வரும்வரை எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன். போதகர், ‘அப்போ ஆட்சேபணை தீர்ந்தது’ என்றார். சூட்கேஸைத் திறந்து மகளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அட்டைக்கு மட்டும் பழுப்புக் காகிதம் போட்டுக் கொடுத்தேன், அவள் அதைக் கிழித்துவிட்டாள், அது அவள் சுதந்திரம். உன் அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறாள். என் அத்தியாயங்களுக்குப் போட்ட அதே எழுத்தளவு, அதே தாள். அடிக்குறிப்பு மாதிரி பொடியாக்கிவிடாதே. கவர் கையில் கிடைத்ததும் இயந்திரத்தை ஓடவிடு.

உன் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு. மருமக்கள் நன்றாகப் படித்து, யாருக்கும் பயப்படாமல் பேசி, பெரியவர்களுக்கு மட்டும் கீழ்ப்படிந்து வளர என் ஆசீர்வாதம். உன் இயந்திரத்தின் பெல்ட்டைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பி.கு.: கவர் ஒட்டாமல் இருந்ததால், பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் எடுத்துப் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்து. ஜெபத்தின் நடுவில் நான் ஒரு கண்ணைத் திறந்து யார் தூங்குகிறார்கள் என்று பார்ப்பதை எழுதியிருக்கிறாள். கத்தரிக்கோல் ஆறாவது அத்தியாயத்தைத்தான் பிடிப்பார் என்று கணக்குப் போட்டு, அவருக்குச் சொன்ன பதிலை முந்தின நாள் முழுக்கக் குளியலறையில் உரக்கச் சொல்லிப் பழகியதை எழுதியிருக்கிறாள். அந்தப் பதிலே பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சொன்னதுதான் என்றும் எழுதியிருக்கிறாள். எல்லாம் உண்மைதான். உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் அச்சடித்துவிட முடியுமா? மேற்படி பதின்மூன்றாவது அத்தியாயம் பொது அமைதி கருதிப் பரிந்துரைக்கப்படவில்லை.

பி.கு. 2: தம்பி, அக்கா எழுதுறேன். கவரை நான் வேணும்னேதான் ஒட்டாம வச்சேன். மேல இருக்கிற பி.கு.வையும் என் அத்தியாயத்தோட கடைசியில சேர்த்து அச்சடிச்சிடு. ஒரு எழுத்தும் வெட்டாதே. இப்போ ஒட்டிட்டேன்.