நத்தைகளுக்கு வைத்த பொட்டு

பயம் வந்தால் எனக்குப் பக்தி பெருகும். கூடவே புத்தி குறையும். இதை என் மனைவி முப்பது வருடமாகச் சொல்லி வருகிறாள். நான் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் நிலவறையில் எனக்குத் தற்காலிக வேலை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் பூண்டோடு அழிந்துபோன ஒரு கடல் நத்தைக் குடும்பத்தின், கல்லாகிப்போன ஓடுகளைத் தூசு தட்டி இனவாரியாகத் தட்டுகளில் அடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் வந்து அந்தக் குடும்பத்தைப் புதிதாக வகைப்படுத்தப் போகிறார். அதோடு என் வேலையும் முடிந்தது. (ஊரில் மனைவி விசாவுக்குக் காத்திருந்தாள். வேலை இல்லையென்றால் விசாவும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.)

வியாழக்கிழமை சரஸ்வதி பூசை. லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த, பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த சிவம் அண்ணை, "தம்பி, வேலை நிலைக்கவேணுமெண்டால் வேலைச் சாமானுக்குப் பொட்டு வை. நான் பெட்ரோல் பம்புக்கே வைக்கிறனான்" என்றார்.

பிலிம் டப்பாவில் குங்குமத்தோடு போனேன். அதுவரை நான் தொடாத கடைசித் தட்டை இழுத்தால், அறுபது நத்தைகளில் மூன்றுக்கு ஏற்கெனவே சிவப்புப் பொட்டு! எனக்கு முன்னால் யாரோ நம்மவர் இங்கே வேலை பார்த்திருக்கிறார் என்று கண் கலங்கிவிட்டது. மிச்சம் ஐம்பத்தேழுக்கும் அதே அளவில் குழைத்து வைத்தேன்.

மறுநாள் பேராசிரியர் முன்னால் தட்டை இழுத்த என் மேலதிகாரி மார்கரெட் அம்மையார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமாக எடுத்த ஒரே ஓட்டுக்குத்தான் அங்கே சிவப்புப் பொட்டு வைப்பார்களாம். அதற்குப் பெயர் மூல மாதிரி. (முதல் நாளே விளக்கினாராம். நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேனாம்.) அறுபதும் மூல மாதிரி என்றால் எதை வைத்து எதை வகைப்படுத்துவது?

"யார் செய்தது?" என்றார் பேராசிரியர்.

"நான்தான். வேலை போகக்கூடாது என்று கும்பிட்டேன்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்.

குங்குமம் கல்லில் ஊறியிருந்தது. அழுத்தித் துடைத்தால் பழைய பொட்டும் சேர்ந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டையும் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். "ஒரு வருட வேலை. வேறு யாரும் தொடமாட்டார்கள். நீங்களே செய்யுங்கள்" என்று அம்மையார் கடிதம் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் மனைவிக்கு விசா கிடைத்தது.

இன்றும் கலியாண வீட்டுக்குப் புறப்படும்போது, கண்ணாடி முன் பொட்டு வைத்துக்கொண்டே அவள் கேட்பாள்: "இஞ்சேருங்கோப்பா, நான் மூல மாதிரியோ, இல்லாட்டி அந்த ஐம்பத்தேழில ஒண்டோ?"