அன்டோனோவை வழியனுப்பப் போனவர்

சாலைக்குக் குறுக்கே தலைப்பாகை நீண்டதைப் பார்த்ததும் பாபிகிர் மோட்டார் சைக்கிளின் பிரேக்கை மிதித்தார்.

ஒரு முனையை ஒருவர் பிடித்திருந்தார், மறுமுனையை இன்னொருவர். நடுவில் வெள்ளைத் துணி காற்றில் உப்பி நின்றது. ரமலான் மாதம். பாங்கு சொல்ல இன்னும் கால் மணி நேரம். சாலையோரம் நீளமாகப் பாய் விரித்து, வீட்டுக்கு ஒரு தட்டாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வழியில் போகிறவர்களை இப்படி மடக்கிச் சாப்பிட வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"இறங்குங்கண்ணே, இறங்குங்க! ஆண்டவனே உங்களை அனுப்பி வச்சிருக்கான்."

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க தம்பி. கார்த்தூம் போயாகணும்."

"கார்த்தூம் எங்கே ஓடிடப் போகுது? நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்."

"கார்த்தூம் இருக்கும். நான் பார்க்கப் போறது இருக்காதே!"

பாபிகிர் கார்த்தூமுக்கு அறுபது கிலோமீட்டர் தெற்கே, கால்வாய் மதகு ஒன்றைத் திறந்து மூடும் வேலையில் இருப்பவர். மூக்கில் தடித்த கண்ணாடி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டு. வியாழக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு அவர் தலைக்கு மேல் ஒரு பழைய சோவியத் சரக்கு விமானம் போகும். அன்டோனோவ் பன்னிரண்டு. நான்கு இஞ்சின், நான்கு கரும்புகைக் கோடு, மூக்கிலே கண்ணாடி அறை, வாலிலே துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக்காரன் இருக்கை. அது வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மதகின் இரும்புக் கதவு நடுங்கத் தொடங்கும். கோழிகள் சிதறும். அவர் மனைவி சித்தனா அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிக் கையில் பிடித்துக்கொள்வாள். பாபிகிர் மட்டும் ஓடி வந்து மதகின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டுவார். பிறகு நோட்டை எடுத்துத் தேதியும் நேரமும் குறித்துக்கொள்வார்.

"புது விமானமெல்லாம் பூனை மாதிரி வருது, பூனை மாதிரி போகுது. இது அப்படியா? தான் படற பாட்டை மறைக்கத் தெரியாத பிறவி" என்பார்.

"நானும்தான் மறைக்காம கத்தறேன். என்னைப் பத்தி ஒரு நோட்டு போட்டீங்களா?" என்பாள் சித்தனா.

ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. அந்த நான்கு இஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெறுவதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். நெஞ்செலும்பு அதிர வேண்டும். இன்று பிற்பகல் சித்தனாவின் தம்பி அவாத் போன் செய்திருந்தான். அவன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவன்.

"மச்சான், உங்க கிழவி இன்னிக்கு ஏழரை மணிக்குக் கடைசியாக் கிளம்புது. வெளிநாட்டுல கொண்டுபோய் உடைக்கப் போறாங்களாம். சரக்குக் கொட்டகைக்குப் பின்னால கம்பிவேலி ஓரமா உங்களை நிறுத்தி வைக்கிறேன். ஏழரைக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் புகையைத்தான் பார்ப்பீங்க."

இதையெல்லாம் தலைப்பாகை பிடித்தவர்களிடம் எப்படிச் சொல்வது? நோன்பு வாயால் பொய் சொல்ல மனமில்லை. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். பாபிகிர் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்.

"விமான நிலையத்துல ஒருத்தரை வழியனுப்பணும் தம்பி. இனிமே திரும்பி வரமாட்டாங்க."

அது வேலை செய்தது. ரொம்பவே வேலை செய்தது. தலைப்பாகை உடனே இறங்கியது.

"அட, வழியனுப்பறதா? முதல்லயே சொல்லக்கூடாதா? வெறும் கையோடயா போறீங்க?"

"வெறும் கையே போதும் தம்பி."

"நல்லா இருக்கே! திரும்பி வராத மனுஷனை வெறும் கையோட அனுப்புவாங்களா? டேய், பெரிய பானையைக் கொண்டா!"

பானை வர ஐந்து நிமிடம் ஆனது. அதில் சோளக் களி நிரப்பி, வெண்டைப் பொடிக் குழம்பை ஊற்றி, துணியால் மூடிக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் கயிறு போட்டு இறுக்குவதற்குள் பாங்கும் சொல்லிவிட்டார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் வாயில் போட்டுக்கொண்டு, தொழுகையை அவர்களோடே முடித்துவிட்டு, பாபிகிர் புறப்பட்டபோது மணி ஆறரை.

பானையோடு வேகமாகப் போக முடியவில்லை. பள்ளம் வந்தால் குழம்பு முதுகில் தெறித்தது. மூன்றாவது மைலில் அடுத்த பாய். பானையைக் கண்டதும் அங்கே ஒரே ஆரவாரம்.

"பாருங்கப்பா! வழிப்போக்கர்தான், ஆனா தன் தட்டோட வந்திருக்கார்!"

பெரிய மீசைக்காரர் ஒருவர் கயிற்றை அவிழ்த்துப் பானையைத் தூக்கிப் பாயின் நடுவில் வைத்துவிட்டார்.

"ஐயையோ, அது இங்கே இல்லீங்க! விமான நிலையத்துல..."

"விமான நிலையத்துல பசி எடுத்தா அங்கே இருக்கறவன் பார்த்துக்குவான். உட்காருங்க."

"முடியாதுங்க. நேரமாச்சு."

மீசைக்காரர் எழுந்து நின்று வலது கையை உயர்த்தினார்.

"நீங்க மூணு கவளம் சாப்பிடாம இந்தப் பாயை விட்டுப் போனா, என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

கோபத்தில் சொன்னாலே பாவமான வார்த்தை. அன்பின் வேகத்தில் சொன்னால் அதற்கு என்ன சட்டமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பாபிகிர் திகைத்து நிற்க, வாசற்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"இந்த வாரத்துல இது நாலாவது தலாக்! ஐயா, யாரு பெத்த பிள்ளையோ, புண்ணியமாப் போகும், சாப்பிட்டுடுங்க. முந்தாநாள் ஒருத்தரு ஓடிப்போயி, இவரு கழுதையில ஏறி ஆறு மைல் துரத்தி ஊட்டிவிட்டுட்டு வந்தாரு. அதுவரைக்கும் நான் பொறந்த வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு தெரியாம மூட்டையோட நின்னேன்!"

ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் எதற்கு? பாபிகிர் உட்கார்ந்தார். கவளத்தின் அளவை மீசைக்காரர்தான் தீர்மானித்தார். மூன்றாவது கவளம் தொண்டையைத் தாண்டியபோது மணி ஆறு ஐம்பது. பானையைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்னைவிடக் கனமாக இருந்தது.

"உங்க ஆளுக்கு ஆட்டுக்கறியும் வச்சிருக்கோம்" என்றார் மீசைக்காரர். கண்ணில் நீர் தளும்ப அவர் கட்டித் தழுவியதில் பாபிகிருக்குக் கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. நேரம் மட்டும் கரைந்தது கரைந்ததுதான்.

இனிமேல் சாலையே வேண்டாம் என்று முடிவு செய்தார். சாலையில் போனால்தானே மடக்குவார்கள்? வயலோரத் தடத்தில் இறங்கினார். அங்கே தலைப்பாகை இல்லை, பாய் இல்லை, அன்பானவர்கள் யாருமே இல்லை. கருவேல முள்தான் இருந்தது. ஒரு பர்லாங்கு போவதற்குள் முன்சக்கரம் 'உஸ்' என்று உட்கார்ந்துவிட்டது.

பானையையும் வண்டியையும் தள்ளிக்கொண்டு, வியர்த்து, மறுபடியும் சாலைக்கு ஏறினார். ஏறிய இடத்தில் பழைய டயர்கள் தொங்கும் ஒரு பஞ்சர் கடை. வாசலில் பாய். பாய் மேல் ஐந்து தட்டு. ஐந்தும் மூடியபடி. பாயின் ஓரத்தில், தலைப்பாகையின் ஒரு முனையை வேப்ப மரத்தில் கட்டி, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, ஆஜானுபாகுவான ஒரு மனிதர் தனியாக நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க!" என்று அவர் கத்தியதில் பாபிகிர் பயந்தே போனார். "ஆண்டவனே! கடைசியில ஒருத்தர் வந்துட்டார்!"

அவர் பெயர் ஜாதுல்லா. இந்த இடத்தில் கடை போட்டு ஒரு மாதம்தான் ஆகிறதாம்.

"என்ன சொல்றது போங்க. கார்த்தூமுக்கு முன்னாடி கடைசிப் பாய் என்னோடது. வர்ற வண்டியை எல்லாம் தெக்கே இருக்கற ஊர்க்காரங்களே மடக்கிடறாங்க. எனக்கு ஒருத்தரையும் மிச்சம் வைக்கறதில்லை. பத்து நாளா எம் பொண்டாட்டி அஞ்சு தட்டு ஆக்கி வைக்கிறா, பத்து நாளா நான் ஒருத்தனா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு பேரீச்சம்பழத்துல நோன்பைத் திறந்தேன். விருந்தாளி இல்லாம தட்டுல கை வைக்க மனசு வரல."

பாபிகிர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு. பஞ்சர் ஒட்டப் பத்து நிமிடம். அப்போதும் பறந்தால் ஏழரைக்குள் பிடித்துவிடலாம்.

"அண்ணே, உங்க கையைப் பிடிச்சுக் கேட்கறேன். முதல்ல பஞ்சரை ஒட்டிக் கொடுங்க."

"ஒட்டறேன். ஆனா நான் டயரைப் பிடிச்சா தலைப்பாகையை யார் பிடிக்கறது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பாபிகிர் தலைப்பாகையை வாங்கிக்கொண்டார்.

பிடித்த பிறகு அரைகுறையாகப் பிடிக்க அவருக்குத் தெரியாது. மதகுக்காரர் அல்லவா, எதையும் முழுதாகத்தான் மூடுவார். முதலில் ஆடு ஏற்றி வந்த லாரி. ஓட்டுநர், "ஆடுங்க பசியில கத்துது" என்றார். "நீங்களும்தான் கத்தறீங்க, இறங்குங்க" என்றார் பாபிகிர். அடுத்து ஒரு சிறு பேருந்து. "குழந்தைங்க தூங்குது" என்றார்கள். "எழுப்புங்க, ஆட்டுக்கறி இருக்கு" என்றார். வீட்டுக்குள்ளிருந்து ஜாதுல்லாவின் மனைவி குலவையிட்டாள். அந்தச் சத்தத்தில் வேப்ப மரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன.

அப்போது செங்கல் சூளைப் பக்கத்துக் கிளைச்சாலையிலிருந்து ஒரு வெள்ளை வேன் வேகமாக வந்து திரும்பியது. பாபிகிர் துணியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே விரிப்பாக விரித்தார். வேன் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே வெளிநாட்டுக்காரர்கள் ஐந்து பேர். கசங்கிய சட்டை, சிவந்த முகம், நகக்கண்ணில் எண்ணெய்க் கறை. வேனை ஓட்டி வந்த பருத்த மனிதர் தலையை வெளியே நீட்டித் தன் மொழியில் ஏதோ கத்தினார். கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

பாபிகிரும் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஆமாங்க, நேரமாச்சு. அதனாலதான் சொல்றேன், இறங்குங்க."

"யாருண்ணே இவங்க?" என்று டயருக்குப் பின்னாலிருந்து கேட்டார் ஜாதுல்லா.

"தெரியலையே."

"கிணறு தோண்டறவங்களா இருக்கும். கையைப் பாருங்க, பாவம், நாளெல்லாம் உழைச்ச கை. விட்டுடாதீங்க!"

பருத்த மனிதர் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். பாபிகிர் வேனின் கதவைத் திறந்து, அவர் தோளில் கை போட்டு, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் பாய்க்கு அழைத்து வந்தார். மற்ற நான்கு பேரும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள். அவர்களில் இளையவர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் போட்டுச் சத்தமாகப் பேசிவிட்டு வந்தார். வந்தவர் களியை ஒரு வாய் ருசி பார்த்தார். பிறகு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஏழு பத்து. "வண்டி தயார் அண்ணே!" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் ஜாதுல்லா. "நீங்க கிளம்புங்க. என் பாயை நிறைச்சு வச்சீங்க, உங்க பயணம் நல்லாயிருக்கும்."

பாபிகிர் பாய்ந்து எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்டதும் வெளிநாட்டுக்காரர்கள் ஐவரும் நன்றி சொல்லிக்கொண்டே எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைக் கண்டு லாரிக்காரரும் கைகழுவத் தண்ணீர் தேடினார். பேருந்தில் வந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கினார்கள். ஜாதுல்லா இன்னும் மூடியிருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் மனைவி தேநீர்க் கெண்டியை ஏந்தியபடி, முகத்தில் சிரிப்போடு, அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

பாபிகிர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். வடக்கே வானத்தைப் பார்த்தார். 'போய் வா கிழவி' என்று மனதுக்குள் சொன்னார். பின் சக்கரத்து மேல் இருந்த பானையை இறக்கி எடுத்துக்கொண்டு வந்து பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"எங்கே எந்திரிக்கறீங்க எல்லாரும்? உட்காருங்க! இப்பத்தானே ஆட்டுக்கறியே வருது!"

பருத்த மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கறியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இளையவர் மறுபடியும் போனை எடுத்துப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் அந்தப் பாய் பாயாகவே இல்லை, கல்யாண வீடாகிவிட்டது. ஐந்து தட்டும் காலி. பேருந்துக் குழந்தைகள் ஆட்டுக் குட்டிகளோடு விளையாடின. வெளிநாட்டுக்காரர்கள் விரலைச் சூப்பிக்கொண்டு மேலும் கேட்டார்கள். ஜாதுல்லா ஓடி ஓடிப் பரிமாறினார். அந்தப் பெரிய உடம்பு தரையைத் தொடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்னண்ணே, கடிகாரத்தையே பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

இப்போது உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? பாபிகிர் சொன்னார். நான்கு இஞ்சின், கரும்புகை, மதகின் நடுக்கம், எல்லாவற்றையும். யாரும் சிரிக்கவில்லை.

"மணி ஏழு நாப்பது. வடக்குப் பக்கமா எழும்பிப் போயிருக்கும். காத்தும் எதிர்ப்பக்கம். அதான் சத்தம் கேட்கல" என்றார் பாபிகிர்.

"எங்களாலதானே" என்றார் ஜாதுல்லா, குரல் இறங்கி.

"அட, விடுங்கண்ணே. இரும்பு எங்கேயாவது சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கும். உங்க வீட்டுக் குலவையும் நல்ல சத்தம்தான்." உண்மையாகவே சிரித்தார். பக்கத்தில் இருந்த பருத்த மனிதருக்கு மூன்றாவது முறையாகக் களி எடுத்து வைத்தார். அப்போது பாபிகிரின் சட்டைப் பையில் போன் அலறியது. அவாத்.

"மச்சான், எங்கே இருக்கீங்க?"

"பரவாயில்லை அவாத். எனக்குக் கொடுத்து வைக்கல, விடு."

"என்ன விடறது? ஓடி வாங்க மச்சான், கிழவி இன்னும் என் கண்ணு முன்னாலதான் நிக்குது! அதை ஓட்டிப் போக வேண்டிய அஞ்சு பேரையும் தெக்கு ரோட்டுல எவனோ ஒரு கண்ணாடிக்காரப் புண்ணியவான் தலைப்பாகையைக் குறுக்கே பிடிச்சு மடக்கி, எந்திரிக்கவே விடாம களி ஊட்டிக்கிட்டு இருக்கானாம்!"