ஹெக்டே தெரியவில்லை

மேனேஜர் ஷான்பாக்கின் கம்ப்யூட்டர் திரையில் மூன்று பெயர்கள் இருந்தன. ஷான்பாக், நாகவேணி, பட். நான்காவதாக இருக்க வேண்டிய ஹெக்டே இல்லை.

கஜானன ஹெக்டே மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் இரண்டு விதமாகப் பார்த்தார். இரண்டு விதத்திலும் அவர் இல்லை.

"அங்கே மெஷின் ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு. இப்பத்தான் மிளகு விலையை அடிச்சிட்டு வந்தேன்."

"ஓடலாம் ஹெக்டே. தெரியலையே" என்றார் ஷான்பாக்.

சிர்சியிலிருந்த அந்தப் பாக்கு, மிளகு கூட்டுறவுச் சங்கக் கிளையில் ஆட்கள் நான்கு பேர், கம்ப்யூட்டர்கள் நான்கு. எல்லாவற்றையும் நீல ஒயரில் கோத்து, ஜன்னலுக்கு மேலே பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெட்டியில் செருகியிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தால் மற்றவை பெயர் பெயராகத் தெரியும். தெரிகிறதா என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை ஹூப்ளி தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி ஒருவர் வருவார். தன் மடிக்கணினியைக் கிளையின் வலையில் இணைப்பார். எந்தெந்தக் கம்ப்யூட்டர் தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்வார். தெரியாதவை இயங்காதவையாகக் கருதப்படும். கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. எதற்காக என்று எழுதவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அந்த வழக்கமும் இல்லை.

எதற்காக என்பதை ஏல விற்பனைப் பிரிவு மாபலேஷ்வர் பட் சொன்னார். மெஷின் தெரியாவிட்டால் அந்தப் பிரிவே இல்லை என்று எழுதிவிடுவார்களாம். ஆளைக் கிடங்கில் மூட்டை எண்ண அனுப்பிவிடுவார்களாம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பட் சொல்வதை நம்புவதற்கு அது கெட்ட செய்தியாக இருந்தால் போதும்.

இப்போது வியாழக்கிழமை, மணி பத்தரை. வெளியே மழை.

"கவலைப்படாதே மாராயா. போன வருஷாந்திரக் கூட்டத்துலயும் நீ வந்ததை யாரும் பார்க்கலை. ஆனா சாப்பாடு போட்டாங்க இல்லையா?" என்றார் பட்.

ஹெக்டேயின் மிளகுப் பிரிவு படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தது. விவசாயிகள் மிளகை நேராகக் கிடங்கில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவர் மேஜை வரை வந்தவர்களில் பாதிப் பேர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர்கள். இதையெல்லாம் அவர் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் ஒரு இயந்திரமும் அதையே சொல்லும்போது மனசுக்குள் ஏதோ குத்தியது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சுப்ராய நாயக்குக்குப் போன் போட்டார். சுப்ராய் எல்லாப்பூரில் மச்சினன் கல்யாணத்தில் இருந்தான். நாதஸ்வரத்துக்கு நடுவே, ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகிப் பார்க்கச் சொன்னான்.

ஹெக்டே ஸ்டூல் போட்டு ஏறினார். ஒயர் நான்கும் ஒரே நீலம். தன்னுடையது என்று தோன்றிய ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினார். அது பட்டின் ஒயர். அந்த ஓட்டை போன வருஷ இடியில் கருகிப்போனது.

மேனேஜர் திரையில் பட் மறைந்தார். ஹெக்டே இன்னும் வரவில்லை.

"என்னை எங்கேய்யா அனுப்பிச்சே?" என்று கேட்டார் பட். குரலில் இப்போது கிண்டல் இல்லை.

மறுபடி போன். சுப்ராய் இந்த முறை யோசித்துவிட்டு, கம்ப்யூட்டரின் பெயர் என்னவென்று பார்க்கச் சொன்னான். எங்கே பார்ப்பது என்பதை அவன் விளக்கி முடிப்பதற்குள் அங்கே தாலி கட்டியாகிவிட்டது. ஹெக்டே கண்டுபிடித்துப் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டரின் பெயர் நாகவேணி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் உறுப்பினர் பிரிவு நாகவேணிக்குப் புது மெஷின் வந்தபோது, அவளுடைய பழையதை ஹெக்டேக்குக் கொடுத்திருந்தார்கள். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சுப்ராய் புதியதற்கும் நாகவேணி என்றே வைத்திருந்தான். ஹெக்டே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். மெஷினை அணைத்துப் போட்டார்.

மேனேஜர் திரையில் ஹெக்டே வந்தார். கொஞ்ச நேரம் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான், நாகவேணி காணாமல் போயிருந்ததைக் கவனித்தார்.

இத்தனை காலம் நாகவேணி என்று தெரிந்தது ஹெக்டேதான். நிஜ நாகவேணி ஒரு நாளும் தெரிந்ததே இல்லை. இதை அவளிடம் சொல்லும் பொறுப்பை ஷான்பாக் ஹெக்டேயிடமே விட்டார்.

நாகவேணி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "நாலு வருஷம் என் பேரை வெச்சிக்கிட்டு இருந்தீங்க. இன்னிக்கு அதிகாரி வர்ற நாளா பார்த்து, உங்க பேரை எழுதிக்கிட்டு என்னை அழிச்சிட்டீங்க. அப்படித்தானே ஹெக்டே சார்?"

"அழிக்கலைம்மா. நீ முதல்லயே இல்லை."

இதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. மதியம் நாகவேணி, கீரையை அரைத்து மோரில் கரைத்த தம்புளிப் பாத்திரத்தை மேஜை மேஜையாக நீட்டிக்கொண்டு வந்து, அவர் மேஜையைத் தாண்டிப் போனாள். தினமும் ஒரு கரண்டி ஊற்றுவாள்.

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். தன் பெயர் வந்துவிட்டது. ஆனால் பட் கிடங்குக்குப் போகக் காரணமானவன், நாகவேணியை இல்லாமல் ஆக்கியவன் என்ற பெயரோடு இந்த நான்கு பேர் ஆபீஸில் இன்னும் ஏழு வருஷம் எப்படி உட்காருவது? இரண்டேகால் மணிக்கு மறுபடி ஸ்டூலில் ஏறினார். பட்டின் ஒயரை நல்ல ஓட்டையில் செருகினார். பெட்டியையும் ஒருமுறை அணைத்துப் போட்டார்.

விளக்குகள் பச்சையாக மின்னின. நான்கு திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த இடம் எது? வீடா, அலுவலகமா, பொது இடமா?

ஷான்பாக் திரை கேட்கும் எதற்கும் யோசிக்காமல் பதில் சொல்லாதவர். அலுவலகம் என்று அழுத்தப் போன நாகவேணியைக் கையமர்த்தினார். கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களுடைய சொத்து, நாம் இங்கே ஊழியர்கள் மட்டுமே, அதிகாரி வருகிற நாளில் இதை நம் அலுவலகம் என்று எழுதிக்கொடுப்பது முறையில்லை என்றார். நாகவேணியும் யோசித்துப் பார்த்தாள். காலையிலிருந்து அவளுடைய கவுன்ட்டரில் மழைக்கு ஒதுங்கியவர்களே ஆறு பேர். மூவரும் பொது இடம் என்று அழுத்தினார்கள்.

படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த ஹெக்டேக்கு இந்த விவாதம் கேட்கவில்லை. தன் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். ஆணியில் துண்டு, மூலையில் இரண்டாவது குடை, இழுப்பறையில் அப்பைமாங்காய் ஊறுகாய், பிரஷர் மாத்திரை. வீடு என்று அழுத்தினார்.

மேனேஜர் திரையில் இப்போது ஷான்பாக்கே இல்லை. ஹெக்டே மட்டும் இருந்தார்.

சுப்ராய் போனை எடுத்தபோது மணி இரண்டு ஐம்பது. பொது இடம் என்று சொன்னால் கம்ப்யூட்டர் தன்னை மறைத்துக்கொள்ளும், பஸ் ஸ்டாண்டில் பர்ஸை உள்ளே வைத்துக்கொள்வது மாதிரி என்றான். எப்படி மாற்றுவது என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. வாசலில் வேன் வந்து நின்றது.

அதிகாரி ஈரண்ணா பாட்டீல் அதிகம் பேசாதவர். டீ வேண்டாம் என்றார். மடிக்கணினியைச் செருகினார், பார்த்தார்.

"ஒண்ணு. ஹெக்டே."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹெக்டேதான் பேசினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிகாரியிடம் கேட்காமலே பேசினார். மற்ற மூன்றும் நல்ல மெஷின்தான், காலையில் மூன்று பெயரும் தெரிந்தது, தப்பு தன்னுடையது, ஐந்து மணி வரை பொறுத்தால் சரியாகிவிடும், அதுவரை தன் பெயரையும் எழுத வேண்டாம் என்றார். நாகவேணி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

பாட்டீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியறதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். ஒரு தாளை நீட்டினார். கம்ப்யூட்டர் நல்ல நிலையில் உள்ளது, இயக்குபவர் நல்ல உடல்நலத்துடன் உள்ளார் என்று அச்சடித்திருந்தது. இயக்குபவரின் உடல்நலம் எதற்கு என்று ஹெக்டேக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பேனா கையில் கொடுத்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டார். ஷான்பாக் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பாட்டீல் இரண்டு பேருக்கும் கைகொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

நாகவேணி எழுந்து வந்தாள். மிச்சமிருந்த தம்புளியை ஹெக்டேயின் டம்ளரில் ஊற்றினாள். "பரவாயில்லை சார். ஒருத்தராவது தப்பிச்சீங்களே" என்றாள். பட்டும் வந்து, நாளைக்குத் தான் கிடங்கில் மூட்டை எண்ணும்போது மறந்துவிடாதே என்று தோளைத் தட்டினார். ஹெக்டேக்குக் கண் கலங்கியது. எல்லோரும் சேர்ந்து தன்னையே பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை.

அப்போது வேன் டிரைவர் தாவல்சாப் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஹெக்டே யார் என்று கேட்டார். மூன்று பேரும் பெருமையாகக் கையைக் காட்டினார்கள்.

"சார், ராய்ச்சூர்ல திறக்கிற புதுக் கிளைக்கு உங்க மெஷினை இப்ப ஏத்திக்கறேன், உங்க வீட்டுக் கட்டில், பீரோவை ஏத்தத் திங்கட்கிழமை வந்தா போதுமில்ல?"