வெயில் பெட்டியில் வைத்த உலை

மண்டூர்,
08.07.1996

அன்பு மச்சான் நல்லரத்தினத்துக்கு,

முருகன் புண்ணியத்தில் உமது அக்கா அன்னப்பூரணி நல்ல சுகம். குரல் முன்னையிலும் பலமாக இருக்கிறது. என் வயிறு மட்டும் சுகமில்லை. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

உமது நிறுவனம் எங்கள் ஊருக்கு அடுப்புக் கொடுக்க வந்தபோது, வெயிலில் சமைக்கும் கண்ணாடிப் பெட்டியா, விறகு குறைவாகத் தின்னும் மண் அடுப்பா, முப்பது வீட்டுக்கும் ஒரே வகைதான் என்று கேட்டீர்கள் அல்லவா? சங்கத் தலைவர் என்ற முறையில் நான் வெயில் பெட்டிக்குக் கையெழுத்து வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான். பெண்கள் விறகுக்குக் காட்டுக்குப் போனால் திரும்பி வரும்வரை எனக்கு நெஞ்சு பதறுகிறது. போன மாதம் ஆமிக்காரர் அக்காவை வழியில் மறித்து மாலைவரை இருத்திவிட்டார்கள். அதோடு உங்கள் ஆள் நடுப்பகலில் முட்டை அவித்துக் காட்டினார். அதை நானே சாப்பிட்டேன். வயல் வட்டைக்கும் மீன் தோணிக்கும் போகிறவர்களுக்கு விடியுமுன் சோறு ஆகவேண்டும் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. வந்த சோற்றைச் சாப்பிட்டேனே தவிர, அது எப்போது வெந்தது என்று ஒருநாளும் விசாரித்தவனில்லை.

"விடியக் காலத்தால நாலு மணிக்கு எந்த வெயில் வரும்? கையெழுத்து வெச்ச ஆளே சமைக்கட்டும். மறுகா பாப்பம்" என்றாள் அக்கா.

அன்றோடு அடுப்படிக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது. மாதிரிக்கு வந்த பெட்டியோடு ஒரு கிழமையாக முற்றத்தில் நிற்கிறேன். முதல் நாள் உலை வைத்ததும் மேகம் மூடியது. இரண்டாம் நாள் பெட்டியை வெயிலுக்குத் திருப்பித் திருப்பி என் தலைதான் வெந்தது. மூன்றாம் நாள் கண்ணாடி வெளிச்சம் வாவிக்கு அக்கரையில் காவல் நிற்கும் ஆமிக்காரரின் கண்ணில் அடிக்க, யாருக்கோ சைகை காட்டுகிறேன் என்று நாலு பேர் துவக்கோடு வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு "சோறு, சோறு" என்றேன். ஒருவன் மூடியைத் திறந்து அரிசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிங்களத்தில் பாவம் என்று சொல்லி ஒரு பிஸ்கட் பக்கற்றைக் கையில் தந்துவிட்டுப் போனான். பிஸ்கட் ஒன்றையும் நான் மிச்சம் விடவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலியால் எட்டி, "தலைவரே, உல கொதிச்சிட்டா?" என்று தினமும் அன்பாக விசாரிக்கிறாள்.

ஆகையால் மச்சான், வெள்ளிக்கிழமை பட்டியல் கொழும்புக்குப் போகுமுன் முப்பது வீட்டுக்கும் மண் அடுப்பு என்று மாற்றிவிடும். அக்காவுக்குத் தெரியவேண்டாம். பெண்களின் நன்மை கருதி நானே ஆராய்ந்து எடுத்த முடிவாகக் கூட்டத்தில் அறிவிக்க இருக்கிறேன். என் மானம் உமது கையில்.

நீரும் மனைவி பிள்ளைகளும் நேரத்துக்குச் சுடச்சுடச் சாப்பிட்டு நெடுநாள் வாழவேண்டும் என்று பசியோடு வாழ்த்தும்,

அத்தான்
சாமித்தம்பி

பி.கு: கடிதத்தை ஒட்டப் பசை கேட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். புது மண் அடுப்பில் மீன் ஆணம் கொதிக்கிறது. நான் கையெழுத்து வைத்த மறுநாளே முப்பது பெண்களும் சேர்ந்து உமக்கு எழுதி, நீரும் பட்டியலை அப்போதே மாற்றி அனுப்பி, சனிக்கிழமையே எல்லா வீட்டுக்கும் பின்வாசலால் அடுப்பு வந்துவிட்டதாம். இனி மாதத்தில் ஒருதரம் விறகுக்குப் போனால் போதுமாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபத்தில், தலைவருக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க கூட்டம் வெச்சிருப்பீங்க. நீங்க பெட்டியோட முத்தத்தில நிண்டதாலதான் வேல கெதியா முடிஞ்சுது" என்கிறாள் உமது அக்கா.